மெனு திறக்கவில்லையா? பவர் பட்டனை விட்டுவிடுங்கள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்போர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வராதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



தண்ணீர்த் தொட்டி, பார்க்கிங், லிஃப்ட் எல்லாம் பேசி முடித்துவிட்டோம். டிபன் வருவதற்குள் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

சென்ற பொதுக்குழுவுக்கு முந்தின நாள் சாயங்காலம் நடந்தது. நம் சங்க அலுவலகக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் இருக்கிறது. பொருளாளர் சார் கணக்கை அச்செடுக்கப் போயிருக்கிறார். கீழே இடது மூலையில் உள்ள மெனு பட்டனைக் கிளிக் செய்தால் ஒன்றும் வரவில்லை. மறுபடியும் கிளிக் செய்தார், பத்து தரம் செய்தார், கல் மாதிரி இருந்தது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து மூன்று முறை அணைத்துப் போட்டிருக்கிறார். உள்ளே நுழைய முடிகிறது, ஆனால் மெனு மட்டும் வருவதில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு தம்பி பென் டிரைவோடு உட்கார்ந்திருந்தார். "ஓஎஸ் போயிடுச்சு சார். ஃபார்மட் பண்ணிப் புதுசா போட்டுடறேன், அரை மணி நேரம்தான்" என்றார். நல்ல மனதோடு உதவிக்கு வந்த பிள்ளை, அவரைக் குறை சொல்ல மாட்டேன். "டேட்டா பேக்கப் இருக்கா?" என்று பொருளாளரிடம் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஆறு வருட பராமரிப்புக் கட்டண வசூல், கார்பஸ் ஃபண்ட் கணக்கு, லிஃப்ட் ஒப்பந்த பில்கள் எல்லாம் அந்த ஒரே டிஸ்கில்தான் இருந்தன. இன்னொரு பிரதி எங்கேயும் இல்லை.

பத்து நிமிடத்தில் மெனு திறந்தது. எதையும் ஃபார்மட் செய்யவில்லை. என்ன கோளாறு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதை எப்படித் தேடினோம் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும்.

இது சங்கக் கம்ப்யூட்டரோடு முடிகிற கதை இல்லை. நம் வீடுகளில் லினக்ஸ் இரண்டு வழியாக வந்திருக்கிறது. ஒன்று, தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அந்தத் திட்டத்தில் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சென்னையில் இருக்கிற சி-டாக் மையம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள், அந்த மடிக்கணினி பரணில் இருக்கிறது. இரண்டாவது வழி, விண்டோஸ் 10. அதற்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் வழக்கமாகத் தந்துவந்த காலம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கம்ப்யூட்டர்களைத் தூக்கிப் போட மனமில்லாமல் பலர் லினக்ஸுக்கு மாறியிருக்கிறோம். மாறிய பிறகு எல்லாருக்கும் ஒருநாள் வருகிற பயம் இந்த மெனுதான். மெனு வராவிட்டால் கம்ப்யூட்டரே செத்துவிட்டது மாதிரித் தோன்றும்.

நெய்வேலிக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். சுரங்கத்தில் பக்கெட் வீல் மண்ணை வெட்டுகிறது. கன்வேயர் பெல்ட்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றிக் கொண்டுபோகின்றன. கடைசியில் ஸ்ப்ரெடர் கொட்டுகிறது. கடைசி பெல்ட் நின்றால் அதற்கு முன்னால் இருக்கிற பெல்ட்களும் வரிசையாக நிற்கும். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு வீல் நிற்பதுதான் தெரியும். அதற்காக "வீல் போயிடுச்சு, புதுசு வாங்கணும்" என்று எந்த ஷிஃப்ட் இன்சார்ஜும் சொல்ல மாட்டார். எந்த இடத்தில் நின்றது என்று ஒவ்வொரு பெல்ட்டாகப் பார்த்துக்கொண்டு போவார்.

லினக்ஸிலும் அப்படித்தான் வரிசை இருக்கிறது. அடியில் கெர்னல். நம் ஊர் சுரங்கத்துக்கு அடியில் நிலத்தடி நீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டிருக்கும் பம்புகள் மாதிரி, அது கண்ணுக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு மேலே திரையில் படம் வரைகிற டிஸ்ப்ளே சர்வர். அதற்கு மேலே ஜன்னல்களை நகர்த்துகிற விண்டோ மேனேஜர். பக்கத்தில் பேனல், அதாவது கீழே கடிகாரமும் ஐகான்களும் உள்ள பட்டை. அந்தப் பேனலுக்குள் உட்கார்ந்திருக்கிற ஒரு சின்ன புரோகிராம்தான் மெனு. நாம் தினமும் முதலில் தொடுகிற வாசல் என்பதால் அதுவே வீடு என்று நினைத்துவிடுகிறோம். வாசல் கதவு இறுகிப் போனால் வீட்டை இடிப்பதில்லையே.

இனி வரிசையாகப் பார்ப்போம். நான் சொல்வது லினக்ஸ் மின்ட் கணக்கு. மற்ற லினக்ஸ்களில் சில கீகள் மாறும், தேடுகிற வரிசை மாறாது.

முதல் படி: எஸ்கேப் கீயை இரண்டு முறை தட்டுங்கள். சிரிக்காதீர்கள், பல சமயம் இதிலேயே சரியாகிவிடும். எங்கோ ஒரு ரைட் கிளிக் பட்டியலோ, ஸ்கிரீன்ஷாட் எடுக்கிற புரோகிராமோ பாதியில் நின்றிருந்தால் அது மவுஸைத் தன் கையிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். நீங்கள் மெனுவில் செய்யும் கிளிக் மெனுவுக்குப் போய்ச் சேராது. எஸ்கேப் கொடுத்தால் பிடியை விட்டுவிடும்.

இரண்டாவது படி: மவுஸை விட்டுவிட்டு, கீபோர்டில் விண்டோஸ் படம் போட்ட கீயைத் தட்டுங்கள். மெனு திறந்தால் மெனு நன்றாக இருக்கிறது, கோளாறு மவுஸ் பட்டனில் அல்லது டச்பேடில். வேறு மவுஸ் போட்டுப் பாருங்கள். இருநூறு, முந்நூறு ரூபாயில் முடிகிற விஷயம்.

மூன்றாவது படி: பேனலில் உள்ள கடிகாரத்தைப் பாருங்கள். நிமிடம் நகர்கிறதா? நகர்ந்தால் பேனல் உயிரோடு இருக்கிறது, மெனு மட்டும் மாட்டிக்கொண்டிருக்கிறது. கடிகாரம் பத்து நிமிடத்துக்கு முன்பே நின்றிருந்தால் பேனல் முழுக்க மாட்டிக்கொண்டது. மவுஸ் அம்பும் நகரவில்லை, கேப்ஸ் லாக் விளக்கும் எரிந்து அணையவில்லை என்றால் சிக்கல் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் விளக்கு விடாமல் எரிந்துகொண்டிருந்தால் கொஞ்சம் பொறுங்கள். நினைவகம் குறைவான பழைய மெஷினில் பிரவுசரில் இருபது டேப் திறந்தால் இப்படித்தான் மூச்சு வாங்கும். ஒரு காபி குடித்துவிட்டு வந்தால் பல நேரம் தானே மீண்டு வந்திருக்கும்.

நான்காவது படி: மெனு இல்லாமல் வேறு வழியில் உள்ளே போங்கள். திரையில் வெறும் இடத்தில் ரைட் கிளிக் செய்யுங்கள். எக்ஸ்எஃப்சிஇ வகை மின்டில் அந்தப் பட்டியலிலேயே எல்லா அப்ளிகேஷன்களும் இருக்கும். அதைக் காட்டுகிற புரோகிராம் வேறு, பேனல் வேறு. கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டெர்மினல் திறக்கும். ஆல்ட், எஃப்2 அழுத்தினால் புரோகிராம் பெயரை அடித்துத் திறக்க ஒரு சின்னப் பெட்டி வரும். இதில் ஒன்று வேலை செய்தாலும் போதும், திறந்து கிடக்கும் வேலையை முதலில் சேமித்துவிடுங்கள்.

ஐந்தாவது படி: பேனலை மட்டும் திரும்பக் கிளப்புங்கள். உங்களுடையது சின்னமன் வகை மின்ட் என்றால் கன்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். திரை ஒரு கணம் இருண்டு திரும்பி வரும். திறந்திருந்த ஃபைல்கள் அப்படியே இருக்கும். எக்ஸ்எஃப்சிஇ வகை என்றால் ஆல்ட், எஃப்2 பெட்டியில் ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் இப்படி அடியுங்கள்: எக்ஸ், எஃப், சி, இ, எண் 4, ஒரு சிறு கோடு, பேனல், ஒரு இடைவெளி, சிறு கோடு, ஆர். பிறகு என்டர். பேனல் மறைந்து புதிதாக வரும். இரண்டிலும் கம்ப்யூட்டரை அணைக்க வேண்டிய அவசியம் இல்லை.

இதில் சரியாகி மறுநாள் மறுபடியும் வந்தால் காரணத்தைத் தேட வேண்டும். அதற்கு இரண்டு சோதனை போதும்.

ஒன்று, டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பது. டெர்மினலில் டி, எஃப், ஒரு இடைவெளி, சிறு கோடு, ஹெச் என்று அடித்து என்டர் கொடுங்கள். ஒரு பட்டியல் வரும். வலது ஓரத்தில் வெறும் சாய்வுக்கோடு மட்டும் இருக்கிற வரியைப் பாருங்கள். அதற்கு இடப்பக்கத்தில் சதவீதம் இருக்கும். அது 100-ஐத் தொட்டிருந்தால் திருடன் அகப்பட்டுவிட்டான் என்று பெரும்பாலும் சொல்லலாம்.

இன்னொன்று, புது யூசர் சோதனை. செட்டிங்ஸில் யூசர்கள் பகுதிக்குப் போய் சோதனை என்று ஒரு புது யூசரை உருவாக்கி, அதில் நுழைந்து பாருங்கள். அங்கே மெனு ஒழுங்காகத் திறந்தால் ஓஎஸ் நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் கணக்கில் உள்ள ஏதோ ஒரு செட்டிங் ஃபைல்தான் கெட்டிருக்கிறது. பேனலில் ரைட் கிளிக் செய்து மெனுவை எடுத்துவிட்டு மறுபடி சேர்த்தால் பெரும்பாலும் சரியாகும். அதற்கும் மசியாவிட்டால் சம்பந்தப்பட்ட செட்டிங் ஃபோல்டரின் பெயரை மாற்றி வையுங்கள். அழிக்காதீர்கள். பெயர் மாற்றினால் புதிதாக ஒன்று தானே உருவாகும், பழையதும் கையில் இருக்கும்.

மெனு எங்கிருந்து பட்டியலை எடுக்கிறது என்று ஒரு மேடம் கேட்டார்கள். ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் டெஸ்க்டாப் என்று முடிகிற ஒரு சின்ன எழுத்து ஃபைல் இருக்கும். பெயர் என்ன, ஐகான் எது, எதைக் கிளப்ப வேண்டும் என்று நாலைந்து வரி. மெனு அவற்றைப் படித்துத்தான் பட்டியல் போடுகிறது. திரையில் தமிழில் பெயர் வருகிறதே, அதுவும் அந்த ஃபைலில் தன்னார்வலர்கள் எழுதிச் சேர்த்த ஒரு வரிதான். ஆகவே ஒரு அப்ளிகேஷன் மட்டும் மெனுவில் காணவில்லை என்றால் அந்த ஒரு ஃபைலைத்தான் பார்க்க வேண்டும், மொத்த ஓஎஸ்ஸையும் இல்லை.

இப்போது நம் அலுவலகக் கதைக்கு வருகிறேன். எஸ்கேப்பும் விண்டோஸ் கீயும் பலிக்கவில்லை. கடிகாரம் நின்றிருந்தது. ஆனால் திரையில் இருந்த ஹோம் ஐகான் திறந்தது. அப்போதே பாதி நிம்மதி, கணக்கு ஃபைல்கள் கண்ணுக்குத் தெரிந்தன. முதலில் அவற்றை அந்தத் தம்பியின் பென் டிரைவிலேயே நகல் எடுத்தோம். பிறகு டெர்மினலில் பார்த்தால் டிஸ்க் 100 சதவீதம் நிரம்பியிருந்தது.

எதனால் நிரம்பியது? பார்க்கிங் தகராறுதான்! யார் வண்டி யார் வண்டியில் உரசியது என்று பார்க்க சிசிடிவி பதிவுகளை மாதக்கணக்காக இதில் இறக்கி வைத்திருக்கிறோம். "நான் அழித்துவிட்டேனே" என்றார் ஒருவர். அழித்ததெல்லாம் டிராஷில் அப்படியே இருந்தது. டிராஷைக் காலி செய்கிற வரை அது டிஸ்கில் இடம் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். போதாததற்கு டைம்ஷிஃப்ட் புரோகிராம் ஓஎஸ்ஸின் நகல்களை அதே டிஸ்கில் நாள்தோறும் எடுத்து வைத்திருந்தது.

டிஸ்க் நிறைந்தால் மெனு ஏன் தடுமாற வேண்டும்? பேனலும் மெனுவும் ஓடும்போது சின்னச் சின்ன ஃபைல்களை எழுதிக்கொண்டே இருக்கும். எழுத இடம் இல்லாவிட்டால் சில திணறி நின்றுவிடும். "அப்படியானால் கம்ப்யூட்டரே கிளம்பியிருக்கக் கூடாதே" என்று நீங்கள் கேட்கலாம். லினக்ஸில் வழக்கமாகப் பயன்படும் இஎக்ஸ்டி4 என்கிற டிஸ்க் அமைப்பு, வேறு மாதிரி சொல்லி வைக்காவிட்டால், 5 சதவீத இடத்தை நிர்வாகக் கணக்குக்காக ஒதுக்கி வைத்துக்கொள்ளும். நம் கார்பஸ் ஃபண்ட் மாதிரி, அன்றாடச் செலவுக்குத் தொட முடியாது. அதனால் அடியில் உள்ள சர்வீஸ்கள் ஓடும். நம் கணக்கில் ஓடுகிற பேனலும் மெனுவும்தான் முதலில் அடிபடும். "கம்ப்யூட்டர் ஓடுது, மெனு மட்டும் வரல" என்கிற குழப்பம் அங்கிருந்துதான் வந்தது.

டிராஷைக் காலி செய்தோம். பேனலைத் திரும்பக் கிளப்பினோம். மெனு திறந்தது. பொருளாளர் சார் அறிக்கையை அச்செடுத்தார். அன்றைக்கு ஃபார்மட் செய்திருந்தால்? மெனு நன்றாகவே திறந்திருக்கும். திறப்பதற்கு உள்ளே ஆறு வருடக் கணக்கு இருந்திருக்காது. மறுநாள் பொதுக்குழுவில் "வசூலித்த பணத்துக்குக் கணக்கு எங்கே?" என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். "மெனு வரவில்லை" என்று அவர் பதில் சொல்லியிருக்க முடியுமா?

எதுவுமே அசையாத நிலைக்கும் வழி இருக்கிறது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரையில் பெயர் கேட்கும். யூசர் பெயரும் பாஸ்வேர்டும் அடித்து உள்ளே போகலாம். பாஸ்வேர்ட் அடிக்கும்போது நட்சத்திரம்கூடத் தெரியாது, பயப்படாமல் அடியுங்கள். டிஸ்க் இடத்தை அங்கிருந்தே பார்க்கலாம். மின்டில் படத்திரைக்குத் திரும்ப கன்ட்ரோல், ஆல்ட், எஃப்7.

அதுவும் வரவில்லை என்றால் ஆல்ட்டையும் பிரின்ட் ஸ்கிரீன் கீயையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி என்று சில விநாடி இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். எஸ், எழுத வேண்டிய தகவலை டிஸ்கில் எழுதி முடிக்கச் சொல்லும். யு, இனி எதுவும் எழுதாமல் டிஸ்கைப் பூட்டும். பி, கம்ப்யூட்டரை மறுபடி கிளப்பும். இது நேரே கெர்னலுக்குப் போகிற உத்தரவு. சேமிக்காத வேலை இதிலும் போய்விடும். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்டைப் பிடுங்குவதைவிட இது எவ்வளவோ மேல். பவர் பட்டன் இதற்கும் பிறகுதான்.

உண்மையிலேயே ஓஎஸ்ஸை மாற்ற வேண்டி வந்தாலும், முதலில் லினக்ஸ் பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்புங்கள். நிறுவாமல், வெறுமே ஓட்டிப் பார்க்கும் வசதி அதில் உண்டு. அதில் உங்கள் பழைய டிஸ்கைத் திறந்து, போட்டோ, பென்ஷன் பேப்பர், கணக்கு எல்லாவற்றையும் வெளி டிஸ்குக்கு எடுத்துவிடுங்கள். எடுத்தது திறக்கிறதா என்று வேறு கம்ப்யூட்டரில் பார்த்த பிறகு ஃபார்மட் செய்யுங்கள்.

இதற்காகச் செயற்குழுவிடம் மூன்று விஷயம் கேட்டுக்கொள்கிறேன். சங்கக் கணக்கை ஒவ்வொரு மாதக் கடைசியிலும் இரண்டு பென் டிரைவில் நகல் எடுத்து, ஒன்றைச் செயலாளர் வீட்டிலும் ஒன்றைப் பொருளாளர் வீட்டிலும் வைக்க வேண்டும். சிசிடிவி பதிவுக்குத் தனி வெளி டிஸ்க் வாங்க வேண்டும். இப்போது சொன்ன படிகளைப் பெரிய எழுத்தில் அச்சடித்து அலுவலக மேசைக்கு மேலே ஒட்ட வேண்டும். முதல் வரி "பவர் பட்டனை விட்டுவிடுங்கள்" என்று இருக்கட்டும்.



உரைக்குப் பின் வந்த கேள்விகள்

டைம்ஷிஃப்ட் இருக்கிறதே, அது பேக்கப் இல்லையா?
அது ஓஎஸ்ஸுக்கான பேக்கப். உங்கள் வீட்டுப் போட்டோவையும் கணக்கு ஃபைலையும் அது வழக்கமாகத் தொடாது. அப்டேட்டுக்குப் பிறகு மெனு கெட்டால் முந்தைய நிலைக்குத் திரும்ப அது நல்ல உதவி. வாரத்துக்கு ஒன்று வீதம் இரண்டு, மூன்று நகல் போதும்.

பேரன் உபுண்டு போட்டுக் கொடுத்திருக்கிறான். அதிலும் பேனலை மட்டும் கிளப்ப முடியுமா?
இன்றைய உபுண்டு வழக்கமாக வேலண்ட் என்கிற முறையில் ஓடுகிறது. அதில் திரையை வரைவதும் மெனுவைக் காட்டுவதும் ஒரே புரோகிராம் என்பதால் தனியாகக் கிளப்ப முடியாது. வேலையைச் சேமித்துவிட்டு லாக் அவுட் செய்து மறுபடி நுழையுங்கள். டிஸ்க் இடம், புது யூசர் இரண்டு சோதனையும் அதற்கும் பொருந்தும்.

பரணில் இருக்கிற அரசு மடிக்கணினியைத் திரும்ப எடுக்கலாமா?
தாராளமாக எடுக்கலாம். முதலில் அதில் பிள்ளையின் கல்லூரிப் போட்டோ இருக்கிறதா என்று பார்த்து நகல் எடுத்துவிடுங்கள். பிறகு எக்ஸ்எஃப்சிஇ மாதிரி இலகுவான லினக்ஸ் போடுங்கள். ஞாயிறு காலை நான் சங்க அலுவலகத்தில் இருப்பேன், கொண்டு வாருங்கள். சார்ஜரை மறக்காதீர்கள்.